ஓரக்கோடு

குளியலறைக் கண்ணாடி முன்
முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்கிறேன்.
அந்தரத்தில் நிற்கும் கை
எழுபத்தோரு வயதில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் களிம்பு.
பூசிவிட்டுக் காபி போடப் போய்விட வேண்டும்.
திரும்பி வந்து, உதடு குடித்தது போக மிச்சத்தைத்
தாளால் ஒற்றி எடுக்க வேண்டும்.
சொட்டு எண்ணெய் தங்கினாலும்
சாயத்துக்குக் கால் முளைத்துவிடும்.

மேலுதட்டுக்கு மேலே பதினோரு கோடுகள்.
எண்ணியிருக்கிறேன்.
இரண்டு சிகரெட்டுடையவை, மூன்று கடற்காற்றுடையவை,
மற்றதெல்லாம் அதேரித்துவிடம்
வாயைக் குவித்துக் குவித்துப் பேசி வந்தவை.
ஒவ்வொன்றிலும் சிவப்பு ஏறும்
சுவரில் ஓதம் ஏறுவதுபோல.

மருந்துக்கடை யோலாண்டா
நிறமில்லாத பென்சில் ஒன்றைத் தந்தாள்.
அவேய்ரோ உப்பளத்துக்காரி.
"உதட்டுக்கு வெளியே போடுங்கள், வரப்பு மாதிரி.
அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?"

வரப்புக்குப் பிறகு செங்கல் நிறப் பென்சில்.
மேலுதட்டின் நடுப்பள்ளத்தில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.
பிறகு மூலையிலிருந்து உள்ளே, குட்டிக் குட்டிக் கோடுகளாக.
ஒரே இழுப்பில் இழுப்பதெல்லாம் இருபது வயதுக்காரிகளுக்கு.
மினுக்கும் சாயம் எனக்கு ஆகாது.
வெளிச்சம் பட்டால்
அவர் ஒரு சொல்லைத் தவறவிடுவார்.

மத்தோசினியூஷ் மீன் ஆலையில்
முப்பத்து மூன்று வருடம் டப்பாவுக்கு மூடி போட்ட மனிதர்.
மீனை நாங்கள் தின்றோம்,
காதை மிஷின் தின்றது.
வாங்கிக் கொடுத்த காதுக்கருவி இழுப்பறையில் கிடக்கிறது.
"அந்த மிஷினை மறுபடியும் உள்ளே வைக்கச் சொல்கிறாயா?"

அதனால் என் வாயைப் படிக்கிறார்.
ஒரு நாள் சொன்னார்:
"உன் ஓரம் அழிந்துபோச்சு, தியோலிண்டா.
நீ பேசினால் முகம்தான் அசைகிறது."
நான் அழவில்லை.
கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

எங்கள் மொழியில் ரொட்டிக்குப் பௌங், கைக்கு மௌங்.
எவ்வளவு திருத்தமாகத் தீட்டினாலும்
உதட்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.
நேற்று ரொட்டி கேட்டேன், கையை நீட்டினார்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அந்தக் கையில் ஒரு அடி வைத்தேன்.

போன அக்டோபரில்
லக்ஸம்பர்க்கிலிருந்து வால்தெமார் கடிதம் போட்டான்,
வீட்டை விற்றுவிடலாம் என்று.
இவர் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை.
முக்கால் மணி நேரம் பேசினேன்.
பிறகு, வாக்கியத்தின் பாதியில்,
மேஜைத் துணியை எடுத்து
வாயைத் துடைத்தேன்.
முழுசாக.
வரப்பையும் சேர்த்து.

படித்துக்கொண்டிருக்கையில் விளக்கணைந்தவரைப்போல நின்றார்.
"இது நியாயமில்லை" என்றார்,
தன் சத்தம் தனக்குத் தெரியாமல்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
நியாயமில்லைதான்.
மூன்று நாள் வெறும் உதட்டோடு திரிந்தேன்.
நான்காம் நாள் காபிக் கோப்பையருகே பென்சில் இருந்தது,
சமையலறைக் கத்தியால், கோணலாகச் சீவப்பட்டு.

வீடு விற்கவில்லை.
இன்னும் விற்கவில்லை என்றும் சொல்லலாம்.

மீன்காரி எர்மீனியா எடை போட்டபடி கேட்கிறாள்:
"இந்த வயசில் யாருக்கம்மா இவ்வளவு சிவப்பு?"
அரைக் கிலோ மத்தி, குடலை எடுத்துவிடு என்றேன்.

கடைசியில் தாளைக் கவ்வி ஒற்ற வேண்டும்.
தாளில் பதிகிற வாயை நான் பார்ப்பதில்லை,
மடித்துப் போட்டுவிடுவேன்.
கண்ணாடியைப் பார்த்துச் சத்தமில்லாமல்
அவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.
நாலு அசையும் தெளிவு.

சமையலறையில் மேஜையோரம் உட்கார்ந்து
கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.
அவர் எதிரே நின்று வானிலை சொல்வேன்,
மருந்து நேரம் சொல்வேன், யார் செத்தார்கள் என்று சொல்வேன்.
பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு
வேறு சிலதும் சொல்வேன்.
அவற்றுக்குச் சாயம் தேவைப்படுவதில்லை.